கடல்மீன் தொட்டிக்கு உப்பு: எதை வாங்குவது, எப்படிக் கலப்பது

கோலாலம்பூரில் கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது, “பாஸ், எந்த உப்பு நல்லது?” என்பதுதான். பெயர் தெரிந்த நிறுவனங்களின் கலவை எதை வாங்கினாலும் மீன் பிழைத்துக்கொள்ளும். தொட்டி கெடுவது வேறு இடங்களில்: உப்பைக் கரைத்த தண்ணீரில், அளக்கிற கருவியில், ஒரு வாரம் கூட்டியும் மறுவாரம் குறைத்தும் போடுகிற கையில். அதனால் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சமும் கலப்பதைப் பற்றி நிறையவும் சொல்கிறேன். 60 முதல் 100 லிட்டர் தொட்டி, ஒரு ஜோடி கோமாளி மீன், போகப்போக நாலைந்து மென்பவளங்கள். இந்த அளவில் தொடங்குகிறவர்களை நினைத்து எழுதியது இது.

முதலில் ஒரு சந்தேகம்: கல் உப்பு போதாதா?

நன்னீர் மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு பிடி கல் உப்பு போட்டுப் பழகியவர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அதுவும் கடலில் எடுத்ததுதானே?

கடலில் எடுத்ததுதான். ஆனால் கடலில் இருந்ததெல்லாம் அதில் வந்து சேரவில்லை. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சுமார் 30 கிராம் சோடியமும் குளோரைடும். மீதி 5 கிராமில் சல்ஃபேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியம் 0.4, பொட்டாசியம் 0.4, பைகார்பனேட்டும் புரோமைடும் அதைவிடக் குறைவு. உப்பளத்தில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கும். மக்னீசியம் கடைசிவரை நீரிலேயே நிற்கும். அந்த நீரை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். மூட்டையில் வருவது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டுமே. பவளம் தன் கூட்டைக் கட்டுவதற்கு வேண்டிய கால்சியமும், நீரின் பி.எச். (அமில-கார அளவு) சரியாமல் பிடித்து நிறுத்தும் பைகார்பனேட்டும் அதில் இல்லை. அயோடின் சேர்த்திருப்பதுதான் குற்றம் என்று சிலர் சொல்வார்கள். அது இங்கே பெரிய விஷயமே இல்லை.

அப்படியென்றால் கடலைப் பொடியாக்கி வாளியில் அடைக்க எப்படி முடிகிறது? 1872 முதல் 1876 வரை ‘சேலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி நீர் சேகரித்தது. அந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மர் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து 1884இல் முடிவை வெளியிட்டார். திறந்த கடலில் எங்கே எடுத்தாலும் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம். முக்கிய உப்புகளுக்கு இடையிலான விகிதம் மாறுவதில்லை. விகிதம் நிலையாக இருப்பதால்தான் அதை ஒரு செய்முறையாக எழுதிவைத்துத் தயாரிக்க முடிகிறது.

படி 1: உப்பை வாங்குதல்

வாளியின் பக்கவாட்டில் மூன்று எண்கள் இருக்கும்: கால்சியம், மக்னீசியம், கே.எச். எனப்படும் காரத்தன்மை. இயற்கைக் கடல்நீரில் இவை முறையே சுமார் 410 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), 1,290 பி.பி.எம்., 7 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு). ஒரு கலவையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மூன்றாவது எண்தான். ரெட் சீ நிறுவனத்தின் சாதாரண உப்பில் கே.எச். சுமார் 8. அதே நிறுவனத்தின் கோரல் புரோவில் சுமார் 12. இன்ஸ்டன்ட் ஓஷன் இரண்டுக்கும் நடுவில்.

கே.எச். கூடினால் பவளம் வேகமாக வளரும் என்று கடையில் சொல்வார்கள். நிறையப் பவளம் வைத்து, தினமும் உணவும் தாதுக்களும் கொடுத்து வளர்க்கிறவர்களுக்கு அது பொருந்தும். புதுத் தொட்டியில் அதைத் தின்று தீர்க்க ஆள் இல்லை. நீங்கள் 8இலிருந்து 9க்குள் இருக்கும் கலவையை எடுங்கள். மீன் மட்டும்தான் என்றால் இந்த எண்களைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம். கிடைக்கிற நல்ல கலவையை வாங்கி, பிறகு மாற்றாமல் இருங்கள்.

இன்னொன்று, நம் ஊர் ஈரக்காற்று. திறந்த உப்பு சில வாரத்திலேயே கட்டி தட்டும். கட்டியானால் உடைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் ஈரம் பட்ட இடத்தில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். அது மறுபடி கரையாது. 60 லிட்டர் தொட்டிக்கு 20 கிலோ வாளி மலிவு என்று வாங்கி, கடைசிப் பாதியைக் கல்லாகப் பார்ப்பதைவிடச் சின்னப் பொட்டலமே லாபம்.

படி 2: தண்ணீர்

குழாய்த் தண்ணீர் வேண்டாம். குளோரினை மருந்து ஊற்றி முறித்துவிடலாம். ஆனால் பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட், ஃபாஸ்ஃபேட், சிலிக்கேட் அப்படியே இருக்கும். பழைய குழாயில் வரும் செம்பு, இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ஆர்.ஓ. சவ்வும் (அழுத்தத்தில் நீரை மட்டும் விட்டு உப்புகளைத் தடுப்பது) அதற்குப் பின்னால் டி.ஐ. பிசினும் (மிச்சமிருக்கும் உப்புகளைப் பிடிப்பது) உள்ள வடிகட்டி வேண்டும். கூடவே நீரில் கரைந்திருப்பதை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர்; அது 0 காட்ட வேண்டும்.

வீட்டில் வாடகைக்கு வைத்திருக்கும் குடிநீர் இயந்திரத்தை நம்பிவிடாதீர்கள். சுவைக்காகத் தாது சேர்க்கும் வடிகட்டி பலவற்றில் இருக்கும். தாமான் கடை வரிசையில் காசு போட்டால் தண்ணீர் கொட்டும் இயந்திரங்களில் சில ஆர்.ஓ. வகை. மீட்டரைக் கையோடு கொண்டுபோய்ச் சோதியுங்கள். 10க்குக் கீழே காட்டினால் தொடக்கத்துக்கு அதை வைத்து ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அதன் சவ்வை எப்போது மாற்றினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

கொண்டோவின் மேல் மாடிகளில் நீர் அழுத்தம் குறைவாக இருக்கும். அழுத்தம் குறைந்தால் நல்ல நீர் குறைந்து கழிவு நீர் கூடும். பூஸ்டர் பம்ப் ஒன்று மாட்டினால் சரியாகிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் வெட்டு முடிந்து முதலில் வரும் நீர் கலங்கலாக இருந்தால், அது தெளியும்வரை வடிகட்டியைத் திறக்காதீர்கள். எப்போதும் 20 லிட்டர் சுத்த நீர் கையிருப்பில் இருக்கட்டும்.

படி 3: கலத்தல்

வேண்டியவை: இதற்கென்றே ஒதுக்கிய, சோப்புப் படாத 25 அல்லது 30 லிட்டர் வாளி, ஒரு சிறு பம்ப், சமையலறைத் தராசு. துணி துவைக்கும் யார்டு இதற்குத் தோதான இடம், சலவைத்தூள் மட்டும் பக்கத்தில் வேண்டாம்.

முதலில் 20 லிட்டர் சுத்த நீரை ஊற்றிப் பம்ப்பை ஓட விடுங்கள். உப்பு வாளியை மூடியபடியே நன்றாக உருட்டுங்கள். லாரியில் குலுங்கி வந்ததில் மாவு போன்ற பகுதி அடியில் இறங்கியிருக்கும். கலவையைப் பொறுத்து ஒரு லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் வரை தேவைப்படும். 38 கிராம் என்று வைத்துக்கொண்டால் 20 லிட்டருக்கு 760 கிராம். கப்பால் அளக்காதீர்கள். ஈரம் ஏறிய உப்பும் ஏறாத உப்பும் கப்பில் ஒன்றுபோல் தெரியும், தராசில்தான் வித்தியாசம் தெரியும்; அதிலும் ஈரத்தின் எடை சேர்ந்து வரும் என்பதால் கடைசி வார்த்தை படி 4இல் வரும் உப்பு அளக்கும் கருவியுடையதுதான்.

நீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் நீரை ஊற்றக்கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாளியில் உப்பு கிடக்க மேலே கொஞ்சம் நீர் விழுந்தால், அந்த அடர்த்தியில் கால்சியமும் கார்பனேட்டும் உடனே சேர்ந்து வெள்ளைச் சுண்ணாம்பாக இறங்கிவிடும். பிறகு எவ்வளவு நீர் ஊற்றினாலும் திரும்பக் கரையாது. காசு கொடுத்து வாங்கிய கால்சியம் வாளியின் அடியில் ஒட்டிக் கிடக்கும். ஆகவே பம்ப் ஓட ஓட, கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள்.

முதலில் பால்போல் கலங்கும், பிறகு தெளியும். நான்கைந்து மணி நேரம் ஓடட்டும். கே.எச். கூடுதலான கலவை என்றால் நாள் கணக்கில் ஓட விடாமல், தெளிந்ததும் பயன்படுத்துவது நல்லது.

குளிர்நாட்டுக் குறிப்புகள் எல்லாம் இந்த இடத்தில் ஹீட்டர் போடச் சொல்லும். நமக்குத் தேவையில்லை. யார்டில் நிற்கும் நீரே 28, 29 டிகிரி இருக்கும். தொட்டி 26 டிகிரியில் ஓடினாலும், பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றும்போது 3 டிகிரி வித்தியாசம் தொட்டியில் 0.3 டிகிரிதான் ஏற்றும்.

மீன் உள்ள தொட்டியில் நேராக உப்பைக் கொட்டுவது கூடவே கூடாது. கரையாத துகள் செவுளிலும் பவளத்திலும் பட்டால் புண்ணாகும். காலியான புதுத் தொட்டியை முதல் தடவை நிரப்பும்போது மட்டும் அதற்குள்ளேயே கலக்கலாம்.

படி 4: அளத்தல்

இலக்கு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவு; முள்ளில் காற்றுக் குமிழி ஒட்டினால் கூடுதலாகக் காட்டும். ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதைச் சுத்த நீரில் 0க்கு வைத்துவிட்டு நம்புவது போதாது. 0இல் சரியாக நிற்கும் கருவி 35இல் தவறலாம். 35 பி.பி.டி. திரவத்தால் சரிபார்க்க வேண்டும். அந்தத் திரவத்தை வீட்டிலேயே செய்யலாம்: 963.5 கிராம் சுத்த நீரில் 36.5 கிராம் சமையல் உப்பு. அதன் ஒளிவிலகல் 35 பி.பி.டி. கடல்நீருக்குச் சமம். தொட்டிக்கு ஆகாத உப்பு இந்த ஒரு வேலைக்கு உதவும்.

தானாக வெப்பம் சரிசெய்யும் கருவிகள் பல 30 டிகிரி வரைதான் சரியாக வேலை செய்யும். பிற்பகல் வெயிலில் பால்கனியில் நின்று பார்க்காதீர்கள். கண்ணாடியில் சொட்டு விட்டு அரை நிமிடம் கழித்துப் படியுங்கள்.

20 லிட்டரில் 33 காட்டினால் இன்னும் 2 × 20, அதாவது சுமார் 40 கிராம் போடுங்கள். 37 காட்டினால் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துவிட்டு அதே அளவு சுத்த நீர் ஊற்றுங்கள். கலந்து, மறுபடி அளங்கள். உங்கள் உப்புக்கு உங்கள் வாளியில் எத்தனை கிராம் சரியாக வந்தது என்பதை மூடியிலேயே மார்க்கரால் எழுதிவைத்தால் அடுத்த தடவை வேலை பாதியாகும்.

படி 5: தொட்டியில் சேர்த்தல்

வாரத்துக்குப் பத்து விழுக்காடு போதும். 60 லிட்டர் தொட்டி என்றாலும் கல்லும் மணலும் போக 50 லிட்டர் நீர்தான் இருக்கும். 5 லிட்டர் எடுத்து 5 லிட்டர் விடுங்கள். ஊற்றும் முன் தொட்டி நீரையும் அளங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

தினசரி ஆவியாவது வேறு கணக்கு. நீர் போகும், உப்பு போகாது. சில்லருக்கு (நீரைக் குளிர்விக்கும் கருவி) பதில் காற்றாடி வைத்திருந்தால் இன்னும் வேகமாக வற்றும். 50 லிட்டரில் 1 லிட்டர் வற்றினால் 35 பி.பி.டி. 35.7 ஆகும், 3 லிட்டர் வற்றினால் 37.2. கம்போங்குக்குப் போகிற நீண்ட விடுமுறையில் இதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லையென்றால் தானாக நீர் நிரப்பும் கருவி வாங்கிவிடுங்கள். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடுவரை சுத்த நீரை மட்டும் நிரப்புங்கள். இங்கே உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஏற்கெனவே 38க்குப் போய்விட்டதென்றால் ஒரே மூச்சில் இறக்காதீர்கள்: கொஞ்சம் தொட்டி நீரை எடுத்து அதே அளவு சுத்த நீர் விட்டு, ஒரு நாளுக்கு 1 பி.பி.டி.க்கு மேல் இறங்காதபடி மூன்று நாளில் 35க்குக் கொண்டுவாருங்கள்.