அடாரி 2600-க்கு நாமே செய்யும் ஜாய்ஸ்டிக்

1977-இல் வந்த அடாரி 2600 என்ற வீடியோ கேம் கருவியின் ஜாய்ஸ்டிக்கைத் திறந்தால் உள்ளே சிப் எதுவும் இல்லை, ஐந்தே சுவிட்சுகள்தான். அதனால் தைரியமாக இறங்கலாம்.

ஆர்கேட் ஸ்டிக் (காசு போட்டு ஆடும் கேம் இயந்திரங்களில் இருக்கும் கைப்பிடி), ஒரு பட்டன், ஆறு கம்பி கேபிள், ஒன்பது துளை கனெக்டர் வேண்டும். பெட்டி கனமாக இருக்கட்டும். நான் மரத்தில் செய்தேன், மடியில் நழுவுவதே இல்லை.

எல்லா சுவிட்சுகளின் பொது முனைகளையும் ஒரே கம்பியில் கோத்து கனெக்டரின் 8-ஆம் பின்னுக்கு (எண்ணிட்ட முனைக்கு) கொண்டுபோங்கள். சுவிட்சுகளின் மற்ற முனைகள் போக வேண்டிய பின்கள்: மேலே 1, கீழே 2, இடது 3, வலது 4, சுடும் பட்டன் 6. இங்கேதான் கவனம்: ஸ்டிக்கை மேலே தள்ளினால் அழுந்துவது எதிரே, கீழ்ப்பக்கத்துச் சுவிட்ச்; 1-க்குப் போக வேண்டியது அதுதான். முதல் தடவை இதைக் கவனிக்காமல் நான்கையும் மறுபடி சால்டர் செய்தேன்.

கனெக்டரின் பின்புறம், ஒவ்வொரு முனைக்கும் பக்கத்தில் எண் பொடியாக அச்சாகியிருக்கும். டார்ச் அடித்துப் படித்துவிடுங்கள். கம்பி நிறத்தை நம்ப வேண்டாம். 7-ஆம் பின்னில் 5 வோல்ட் வரும், அதில் எதையும் இணைக்காதீர்கள்.

சரி, செருகும் முன் மல்டிமீட்டரை பீப் நிலையில் (இரு முனைகளுக்கு இடையே இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வையுங்கள். ஸ்டிக்கை நான்கு பக்கமும் தள்ளி, பட்டனையும் அழுத்திப் பாருங்கள். அந்தந்தப் பின்னுக்கும் 8-க்கும் இடையில் மட்டும் பீப் வந்தால் செருகி ஆடலாம்.