துறுதுறு நாய்க்கு ஏற்ற வீடு: வேலூர்ப் பக்கம் தத்து கொடுப்பவர்களுக்கு

தெருவிலிருந்தோ, ஆசையாய் வாங்கிக் கைவிட்ட வீட்டிலிருந்தோ மீட்ட நாய் ஒன்று உங்களிடம் இருக்கிறது. வயது ஒன்றரை இருக்கலாம். ஆளைப் பார்த்தால் மேலே தாவுகிறது, கையை வாயில் கவ்வுகிறது, வெளியே கூட்டிப்போனால் ஆளையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. தெருவில் அதற்கு ஏற்கெனவே ‘கடிநாய்’ என்று பேர் விழுந்துவிட்டது. அந்தப் பேரைப் போக்காமல் வீடு கிடைக்காது. அதற்கு நாயைப் புகழ்ந்தால் போதாது. எதைக் கண்டால், எவ்வளவு தூரத்தில், என்ன செய்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு, அதைச் சமாளிக்கக்கூடிய வீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். அவசரமாகக் கொடுத்த நாய் திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் அதன் பயம் கூடுகிறது.

முதலில் மாட்டாஸ்பத்திரி

குணம் என்று நாம் நினைப்பது சில நேரம் வலியாக இருக்கும். காதுக்குள் சீழ், கழுத்தில் கயிறு அறுத்த புண், இடுப்பு வலி, உண்ணிக் காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் தொட்டால் சீறும். நம் ஊர் வெயிலில் உண்ணி வருஷம் முழுக்க இருக்கிறது. விரல் இடுக்கிலும் காது மடலுக்குள்ளும் பாருங்கள். உண்ணி இருந்தால், நாய் ஓடியாடினாலும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பழைய விவரம் தெரியாத பெரிய நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியும், பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட வேண்டும். கூட்டுத் தடுப்பூசியை மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாம் முறை போடுங்கள். குடற்புழு மாத்திரை எடை பார்த்துத்தான். ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிற பகுதி இது. ஊசி போடாமல் ஒரு நாயை இன்னொரு குடும்பத்தின் கையில் கொடுக்க இங்கே ஒரு நியாயமும் கிடையாது.

கருத்தடை செய்து, தையல் ஆறிய பிறகே கொடுங்கள். ஆனால் ஆபரேஷன் செய்தால் அடங்கிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். துணை தேடி ஓடுவது குறையும், துறுதுறுப்பு அப்படியேதான் இருக்கும்.

இரண்டு வாரம் பார்த்து எழுதுங்கள்

வந்த புதிதில் நாய் காட்டுவது அதன் சொந்தக் குணம் அல்ல. சில நாய் மூலையில் ஒடுங்கும், சில நாய் தலைகால் தெரியாமல் ஆடும். குறைந்தது இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மணி, இடம், அதற்கு முன்னால் நடந்தது, நாய் செய்தது, எத்தனை நிமிஷத்தில் அடங்கியது. கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். மூன்று நிமிஷத்தில் அடங்கிப் படுக்கும் நாயும், அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும் நாயும் வேறு வேறு வீட்டுக்குப் போக வேண்டியவை.

பார்க்க வேண்டியவை: இன்னொரு நாயைக் கண்டு குரைக்கத் தொடங்குவது பத்தடியிலா, ஐம்பதடியிலா. பைக்கைத் துரத்துகிறதா. கோழி, ஆடு, பூனை கண்ணில் பட்டால் உடம்பு விறைத்து ஒரே இடத்தைப் பார்க்கிறதா. சிப்பிப்பாறை, ராஜபாளையம் கலப்பு நாய்களிடம் இந்தத் துரத்தும் புத்தி பலமாக இருக்கும், அது வேட்டைக்கென்றே வளர்த்த ரத்தம். சாப்பிடும்போது தட்டுக்குள் கைவிட்டுச் சோதிக்காதீர்கள். இரண்டு அடி தள்ளி நின்று ஒரு துண்டு கோழிக்கறியைத் தட்டின் பக்கம் போடுங்கள். வால் ஆடினால் சரி. உடம்பு கல்லாகி, வேகவேகமாக விழுங்கினால் எழுதிக்கொள்ளுங்கள், குழந்தை உள்ள வீடு அதற்கு ஆகாது.

வாயால் கவ்வுவதும் கடிப்பதும் ஒன்றல்ல. கவ்வும் நாயின் உடம்பு தளர்ந்து குழைந்திருக்கும், பல்லின் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். பயந்து கடிக்கும் நாய் அதற்கு முன்னாலேயே உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியும். தோல் கிழிய ஒரு முறை கடித்திருந்தாலும் அதை மறைக்கக் கூடாது. கடிபட்டவர் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை கொடுத்தால் அடங்கும்

பலரும் செய்வது, நாய் களைத்து விழும்வரை பந்து எறிவது. இரண்டே வாரத்தில் அந்த நாய்க்கு உடல் வலு கூடி, இன்னும் ஒரு மணி நேரம் கேட்கும். பந்து துரத்துவது கிளர்ச்சியைத்தான் ஏற்றுகிறது. மோப்பம் பிடிக்க விடுவதுதான் களைப்பைக் கொடுக்கும். முப்பதடி பருத்திக் கயிற்றைப் பாடி பெல்ட்டில் மாட்டி (கழுத்துப் பெல்ட்டில் அல்ல, ஓடி இழுத்தால் கழுத்து திருகும்), நாற்பது நிமிஷம் அது போகும் பக்கம் போகட்டும். நைலான் கயிறு வேண்டாம், உள்ளங்கையை அறுத்துவிடும். பாலாற்று மணல் இதற்கு நல்ல இடம், ஆனால் உடைந்த பாட்டில் பார்த்து நடக்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஆற்றில் தேங்கிய தண்ணீரை வாய் வைக்க விடாதீர்கள், தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்திருக்கும்.

காலையில் ஆறரைக்குள், மாலையில் ஏழுக்கு மேல். கத்திரி வெயில் நாளில் தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மூச்சு இரைத்து, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கில் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

வீட்டுக்குள் ஒரு கோரைப் பாய் போதும். பாயில் நான்கு காலும் வைத்தால் ஒரு தீனி, படுத்தால் இன்னொன்று. ஐந்து நிமிஷம், நாளைக்கு நான்கு முறை. காலிங்பெல் அடித்தால் பாய்க்குப் போகும் நாய்க்கு வீடு கிடைப்பது சுலபம், ஏனென்றால் வருகிறவர் முதலில் பார்ப்பது அந்தக் காட்சியைத்தான். தட்டில் வைக்கும் தீனியில் பாதியை அட்டைப் பெட்டியில் பழைய துணியோடு கலந்து போட்டுத் தேட விடுங்கள். துணியை விழுங்கும் பழக்கம் இருந்தால் வெறும் பெட்டி. நீங்கள் சொல்லும் சொற்களை எழுதி வையுங்கள்: ‘வா’, ‘விடு’, ‘பாய்’. புது வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசினாலும் முதல் மாதம் இதே சொற்களையே சொல்லச் சொல்லுங்கள்.

அறிவிப்பு எழுதும் விதம்

‘பாவம்’, ‘யாராவது காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் இரக்கப்படுகிறவர்கள் வருவார்கள். இரக்கம் பத்து நாளில் களைத்துவிடும், நமக்கு நேரம் உள்ளவர்கள் வேண்டும். இப்படி எழுதலாம்:

‘ஆண், சுமார் ஒன்றரை வயது, 19 கிலோ, கருத்தடையும் ஊசியும் ஆகிவிட்டது. காலையும் மாலையும் நாற்பது நிமிஷம் நடந்தால் பகலில் தூங்கும். நடக்காத நாளில் செருப்பைக் கடிக்கும். ஆளைப் பார்த்தால் தாவும், ‘பாய்’ என்றால் இறங்கும். வேறு நாயைக் கண்டால் முப்பதடியில் குரைக்கும். கோழி, ஆடு உள்ள வீட்டுக்கும், பத்து வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள வீட்டுக்கும் ஆகாது. சங்கிலியில் கட்டி வைப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை.’

படம் காலை வெயிலில், நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுத்ததாக இருக்கட்டும். ஒரு நிமிஷத்துக்குள் ஒரு வீடியோ: கயிற்றை இழுப்பதும் இருக்க வேண்டும், பாயில் படுத்திருப்பதும் இருக்க வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது

இந்தப் பக்கம் அதிகம் வரும் கேட்பு, நிலத்துக் காவலுக்கு. அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கம் தென்னந்தோப்பிலிருந்து கூப்பிடுவார்கள். அவிழ்த்துவிட்டு, மனிதர்களோடு சேர்ந்து வாழ விடும் தோப்பு என்றால் துறுதுறு நாய்க்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மோட்டார் கொட்டகையில் கட்டிப்போட்டு, வேளைக்கு ஒரு சோறு என்றால் ஒரே மாதத்தில் அது உண்மையிலேயே கடிநாய் ஆகும். நேரில் போய்ச் சங்கிலி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுக் காட்டோர ஊர்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. அங்கே இரவில் வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்கு இரை. கதவுள்ள அறை இல்லாத இடத்துக்குக் கொடுக்காதீர்கள்.

காட்பாடியில் வாடகை அறையில் இருக்கும் மாணவர்கள் அன்பாகத்தான் கேட்பார்கள். செமஸ்டர் லீவில் யார் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள். பெற்றோரிடமும் பேசாமல் கொடுப்பது சரியல்ல. ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடமே நேராகப் பேசுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது காம்பவுண்டு ஐந்தடிக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதோடு, சுவரை ஒட்டித் துவைக்கிற கல்லோ சின்டெக்ஸ் தொட்டியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் மேல் ஏறி நாய் தாண்டிவிடும். கேட்டுக்குக் கீழே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி, மொட்டை மாடியில் குட்டைக் கைப்பிடிச் சுவர், மூடாத சம்ப் இவற்றைச் சரி செய்த பிறகே நாய் போக வேண்டும்.

ஒப்படைப்பு

முதல் சந்திப்பு பொது இடத்தில், அருகருகே இருபது நிமிஷம் நடை. அன்றைக்கு யாரும் குனிந்து தடவ வேண்டாம். இரண்டாம் சந்திப்பு அவர்கள் வீட்டில். வீட்டில் உள்ள எல்லாரும் இருக்க வேண்டும், வேண்டாம் என்கிற ஒரு பாட்டி இருந்தாலும் அந்த வீடு ஆகாது. பிறகு பதினான்கு நாள் சோதனை. எழுத்தில் ஒப்பந்தம் இரண்டு பிரதி: சங்கிலியில் நிரந்தரமாகக் கட்டக் கூடாது, ஊசி தவறக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்களிடமே திருப்பித் தர வேண்டும்.

தீபாவளி வாரத்திலும், பொங்கலை ஒட்டி ஊரூராக எருது விடும் விழா நடக்கும் நாட்களிலும் கொடுக்காதீர்கள். வெடிச் சத்தத்தில் புது வீட்டை விட்டு ஓடிய நாய்க்குத் திரும்ப வழி தெரியாது. கொண்டுபோகும்போது கழுத்துப் பெல்ட், பாடி பெல்ட் இரண்டிலும் தனித்தனிக் கயிறு, போன் நம்பர் பொறித்த வில்லை, அது படுத்த பழைய துணி, ஒரு வாரத்துக்குப் பழகிய தீனி.

முதல் மூன்று நாள் விருந்தாளி வேண்டாம், குளியல் வேண்டாம். முதல் வாரத்தில் ஓடிப்போவது பெரும்பாலும் கேட்டைத் திறக்கும் நேரத்தில்தான், அதனால் கேட் திறக்கும்போதெல்லாம் நாய் கயிற்றில் இருக்கட்டும். ஓடிவிட்டால் துரத்தக் கூடாது. துணியைக் கேட்டருகில் போட்டு, விடியற்காலையில் தெரு அமைதியாக இருக்கும்போது தேடுங்கள்.

மூன்றாம் நாள், பத்தாம் நாள், மாதக் கடைசி என்று நீங்களே போன் செய்யுங்கள். ‘நல்லா இருக்கா’ என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். ‘இன்றைக்கு எத்தனை மணிக்கு நடந்தீர்கள், இப்போது எங்கே படுத்திருக்கிறது’ என்று கேளுங்கள். நடை நின்றுபோயிருந்தால் அன்றைக்கே நேரில் போங்கள். திருப்பித் தருகிறவரைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்தவர் உங்களிடம் சொல்லாமல் நாயை வேறெங்காவது விட்டுவிடுவார். அந்த வீட்டில் எந்த நேரத்தில், எதைக் கண்டு பிரச்சினை வந்தது என்று கேட்டு நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாயை ஒரு வாரம் ஓய்வாக விட்டு, அறிவிப்பைத் திருத்தி எழுதிய பிறகு அடுத்த குடும்பத்தைக் கூப்பிடுங்கள்.