அப்பலாச்சிய மரவீடு: கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் நேரும் தவறுகள்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், டென்னசி மாநிலத்தின் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் ஜான் ஆலிவர் குடும்பத்தார் 1820-களில் கட்டிய மரவீட்டை இன்றும் பார்க்கலாம். மூலைகளில் ஆணியோ முளையோ கிடையாது. மரத்தின் பாரமே மரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்படியொரு வீட்டைக் கட்டவோ பழுதுபார்க்கவோ இறங்குபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, தண்ணீர் எங்கே தங்கும் என்பதைத்தான்.

சுவரின் அடிமரத்தைத் தரையில் கிடத்தாதீர்கள். ஈரம் ஏறும், பின்னாலேயே கரையானும் வரும். மூலைக்கொரு கல்தூண் வைத்து, குறைந்தது ஓர் அடி உயர்த்தினால் அடியில் காற்று ஓடும். வைரம் பாய்ந்த வெள்ளை ஓக் இதற்கு ஏற்றது. அன்று செஸ்ட்நட் மரமும் போட்டார்கள். 1904-ல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அந்த மரங்களை வாரிக்கொண்டு போய்விட்டது.

உருட்டு மரத்தில், மூலையில் மரங்கள் கோத்து உட்காரப் போடும் வெட்டு எப்போதும் மேலே வரும் மரத்தின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். கீழ்மரத்தின் மேல்பக்கத்தைக் குடைந்தால் அது கிண்ணம் மாதிரி. மழைநீர் நின்று மூலையை மக்கவைக்கும். பக்கங்களைச் செதுக்கிய மரத்துக்கு ‘அரைப் புறாவால்’ வெட்டு, அதாவது புறாவின் வால் போல ஒரு பக்கம் மட்டும் சரிந்த வெட்டு, நல்லது. அதன் சரிவில் நீர் வெளியே வழிந்துவிடும், மரமும் விலகாது.

மரங்களுக்கு இடையிலுள்ள சந்தை அடைப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முதலில் கல்லும் மரச்சில்லும் திணித்து, மேலே வைக்கோல் கலந்த களிமண் பூச வேண்டும். பூச்சின் மேல்விளிம்பு மேல்மரத்துக்கு உள்ளே ஒதுங்கி, கீழ்நோக்கி வெளியே சரிய வேண்டும். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், பூச்சு வெடிக்கும்; குளிருக்கு முன் மறுபடி பூசுவது வழக்கமான வேலைதான். அதற்குச் சலித்து சிமென்ட் பூசுவது பெரிய தவறு. மரம் உப்பும், சுருங்கும், சிமென்ட் அசையாது. இடையில் மயிரிழை விரிசல் விழும், அதில் நுழைந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே மரத்தைத் தின்னும். விரலால் அழுத்தினால் மரம் நனைந்த ரஸ்க் போல உதிரும்.

கூரைக்கு ஓக் மரப் பலகை ஓடுகளை அறுக்காமல் பிளந்தெடுங்கள். அறுத்தால் நார் அறுந்து நீரை உறிஞ்சும்.

குச்சியும் களிமண்ணும் கொண்டு புகைபோக்கி கட்டினால், உட்புறக் களிமண் உதிர்ந்த இடத்தை அன்றே பூச வேண்டும். குச்சி தெரிந்தால் தீ பிடிக்கும். அதனால்தான் அதை வீட்டிலிருந்து வெளியே சாய்த்துக் கட்டி, கழிகளால் முட்டுக்கொடுத்தார்கள். தீப்பிடித்தால் கழியைத் தட்டிவிட்டு அப்படியே வெளியே தள்ளிவிடலாம். அடுப்படியில் ஆற்றுக் கல் வேண்டாம். உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகிக் கல்லை வெடிக்கச் செய்யும்.