சிவப்புப் புள்ளியை நம்பிச் செனானைத் தீர்க்காதீர்கள்

போன வாரம் கோபியிலிருந்து வந்த ஒரு முதுகலை மாணவி, கோவையில் எங்கள் ஆய்வகத்தில் 266 நானோமீட்டர் புற ஊதா லேசரைச் செனான் வாயுவுக்குள் குவித்துவிட்டு மதியம்வரை காத்திருந்தார். ஒளியால் செனான் அணுவின் எலக்ட்ரானைப் பிரித்து அயனியாக்கி, அந்த அயனிகளை ஒரு துளை வழியே இழுத்து எடைவாரியாகத் திரையில் பார்ப்பதுதான் சோதனை. திரையில் செனான் வரவே இல்லை. "பம்ப்புல ஏதோ கோளாறுங்க சார்" என்றார். இதே வார்த்தையை வருடங்களுக்கு முன் நானும் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் வெற்றிடப் பம்ப்பைப் பிரித்தும் போட்டேன்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், சாதாரண கண்ணாடி லென்ஸ் புற ஊதாவை விடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் செய்கிற ஐந்து தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சிவப்பு லேசரில் குவியம் பார்ப்பது

செனான் அணுவின் வெளி எலக்ட்ரானைப் பிரிக்க 12.13 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 266 நானோமீட்டர் ஃபோட்டான் (ஒளித் துகள்) ஒன்றில் இருப்பது 4.66 தான். ஆக மூன்று ஃபோட்டான்கள் சேர்ந்தே வர வேண்டும். மாசியில் கோனியம்மன் தேருக்கு வடம் பிடிப்பது மாதிரிதான்: ஆளாளுக்கு வந்து தனித்தனியே இழுத்துவிட்டுப் போனால் சக்கரம் அசையாது. இரண்டு ஃபோட்டான்களை ஓர் அணு ஒருசேர விழுங்கலாம் என்று மரியா கோப்பர்ட் மேயர் 1931-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 1965-ல் வோரோனோவும் டெலோனும் ரூபி லேசரின் ஏழு ஃபோட்டான்களால் செனானை அயனியாக்கினார்கள். புற ஊதாவில் நமக்கு மூன்றே போதும். ஆனால் மூன்று என்றால், அயனியாகும் வாய்ப்பு ஒளிச்செறிவின் மூன்றாம் அடுக்காக ஏறும். இறங்கும்போதும் அப்படியேதான் இறங்கும்.

இங்கேதான் அடி விழுகிறது. புற ஊதா கண்ணுக்குத் தெரியாது என்பதால், சிவப்பு ஹீலியம்-நியான் லேசரை அதே பாதையில் விட்டு, அதன் குவியம் அயனிகளை இழுக்கும் துளைக்கு நேராக விழும்படி லென்ஸை வைத்து இறுக்கிவிடுகிறார்கள். லென்ஸ் செய்யப்படும் ஃபியூஸ்டு சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சிவப்புக்கு 1.457, 266 நானோமீட்டருக்கு 1.500. சிவப்புக்கு 200 மில்லிமீட்டரில் குவிக்கிற லென்ஸ், புற ஊதாவை 183-லேயே குவித்துவிடும். 17 மில்லிமீட்டர் முன்னால்!

8 மில்லிமீட்டர் அகலக் கற்றை என்று வையுங்கள். குவியத்தில் 0.03 மில்லிமீட்டராக இருக்க வேண்டியது, துளைக்கு வரும்போது 0.7 ஆக விரிந்திருக்கும். செறிவு 500 மடங்கு விழும். மூன்றாம் அடுக்கு எடுத்தால், ஒவ்வோர் அணுவுக்கும் வாய்ப்பு 12 கோடி மடங்குக்கு மேல் குறைகிறது. ஒளி படும் இடம் 500 மடங்கு பெரிதாவதைக் கழித்தாலும் இரண்டரை லட்சம் மடங்கு நஷ்டம்.

திரை வெறுமையாக இருந்தாலாவது சந்தேகம் வரும். அதுவும் இல்லை. பம்ப் எண்ணெயிலிருந்து வரும் பென்சீன் வகை மூலக்கூறுகளுக்கு இரண்டு ஃபோட்டான் போதும். அவை மங்கிய ஒளியிலும் அயனியாகித் திரையை நிறைக்கும். அதைப் பார்த்துத்தான் நான் பம்ப்பைக் குற்றம் சொன்னேன். இரண்டு முறை எண்ணெய் மாற்றினேன். வாயுவைக் கூட்டிக் கூட்டி விட்டேன். இரண்டு வாரத்தில் ஒரு சிறிய செனான் சிலிண்டர் காலி. செனான் விலை தெரிந்தவர்களுக்கு அந்த வலி புரியும். அப்போது பக்கத்தில் இருந்த யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். சிவப்பு லேசரைத் திசை பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸை நகரும் மேடையில் பொருத்துங்கள். தூரத்தைக் கணக்குப் போட்டு, அதற்கு இரு பக்கமும் அரை அரை மில்லிமீட்டராக நகர்த்துங்கள். குவியம் எங்கே என்று அயனிகளே காட்டும். செனான் வந்துவிட்டதா என்பதற்கு 129, 131, 132 என்ற நிறை எண்களில் எழும் மூன்று உயரமான முகடுகள்தான் அடையாளம். ஐசோடோப்புகளின் (எடை வேறுபட்ட செனான் அணுக்களின்) அந்த வரிசையை எந்த எண்ணெயாலும் போலியாகக் காட்ட முடியாது. அந்த மாணவி லென்ஸைத் துளைப் பக்கம் 17 மில்லிமீட்டர் தள்ளியதும் மூன்றும் எழுந்து நின்றன.

கிரிப்டானுக்கும் மூன்று என்பது

கிரிப்டானின் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான 14.00-ஐ 4.66-ஆல் வகுத்து, "மூணு வருதுங்க" என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று சேர்ந்தால் 13.98 தான். 0.02 குறைகிறது. அணு அதை மன்னிக்காது. வலுவான ஒளி அந்த வாசலை இன்னும் சற்று மேலே தூக்கவும் செய்யும். நான்கு என்று எழுதுங்கள்.

சரிவு 1.5 வந்ததும் துள்ளுவது

ஒளிச்செறிவு கூடக் கூட அயனி எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று காட்டும் மடக்கை வரைபடத்தில் செனானுக்குச் சரிவு 3 வர வேண்டும். ஒளியைக் கூட்டிக்கொண்டே போனால் குவியத்தின் நடுவில் இருக்கும் அணுக்கள் எல்லாம் அயனியாகித் தீர்ந்துவிடும். அப்புறம் ஓரங்களிலிருந்து மட்டுமே எண்ணிக்கை கூடும், சரிவு 1.5-க்குப் படுத்துவிடும். அங்கே ஃபோட்டான்களை எண்ணாதீர்கள்.

லேசருக்குள் இருக்கும் விளக்கின் மின்னழுத்தத்தைத் திருகி ஒளியைக் குறைப்பது

கற்றையின் வடிவமே மாறிவிடும். ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும் அரை அலைத்தகடும், ஒரு திசை ஒளியை மட்டும் விடும் முனைவாக்கியும் வையுங்கள்.

வாயுக் குழாயில் நிற்கும் காற்றை இழுக்காமல் சிலிண்டரைத் திறப்பது

திறக்காதீர்கள்.