ஹீட்டர் வாங்கும் முன் ஒரு வாளியை எடுங்கள்

நான் ஜெலுத்தோங்கில் வாயர்மேன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பினாங்குத் தீவு முழுக்க ஹீட்டர் மாட்டிக் கொண்டிருக்கிறேன். போனில் வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, நாங்க அஞ்சு பேரு. எத்தனை லிட்டர் வாங்கலாம்?"

அஞ்சு பேர் என்பதை வைத்து எனக்கு ஒன்றும் தெரியாது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் பையன் மத்தியானம் குளிப்பான். அப்பா குளிர்ந்த தண்ணீரே போதும் என்பார். காலை ஆறு மணியிலிருந்து ஆறரைக்குள் ஒருவர் பின் ஒருவராக எத்தனை பேர் குளிக்கிறீர்கள்? ஷவரில் எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது? இந்த இரண்டும் தெரிந்தால் அளவு தானாக வந்துவிடும்.

ஷவர் கணக்குக்கு 10 லிட்டர் வாளி போதும். குளிக்கும்போது எவ்வளவு திறப்பீர்களோ அவ்வளவு திறந்து, வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். இரண்டு நிமிஷம் ஆனால் நிமிஷத்துக்கு 5 லிட்டர். ஒரே நிமிஷத்தில் நிறைந்தால் 10 லிட்டர். ரெயின் ஷவர் வைத்த வீடுகளில் இதுதான் சகஜம்.

இனி இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு, அதாவது டேங்க் இல்லாமல் ஓடும் தண்ணீரை அப்போதே சுட வைக்கும் பெட்டிக்கு, வருவோம். இங்கே கடைகளில் அதிகம் விற்பது 3.6 கிலோவாட். என் பையில் ஒரு தெர்மாமீட்டர் உண்டு. காலையில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 27 டிகிரி காட்டும். இதமாகக் குளிக்க 39 வேண்டும். ஆக, 12 டிகிரி ஏற்ற வேண்டும். கிலோவாட்டை 14.3-ஆல் பெருக்கி, ஏற்ற வேண்டிய டிகிரியால் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 3.6-க்குப் போட்டுப் பாருங்கள்: 4.3 லிட்டர். அதற்கு மேல் அந்தப் பெட்டியால் முடியாது, எந்த பிராண்டாக இருந்தாலும். கேமரன் மலை மாதிரி இடத்தில் தண்ணீர் 20 டிகிரியில் வந்தால் அதே பெட்டி 2.7 லிட்டர்தான் தரும். நம் ஊர் வெயில் இந்த விஷயத்தில் நமக்கு உதவிதான்.

குளுகோரில் ஓர் அக்கா. "தம்பி, ஹீட்டர் ரோசாக் லா, கெட்டுப் போச்சு. வெதுவெதுன்னுதான் வருது" என்றார். வாங்கிய கடையிலிருந்து ஆள் வந்து ஒரு தடவை பெட்டியையே மாற்றிக் கொடுத்திருக்கிறான். அதுவும் அப்படியே. போய்ப் பார்த்தேன். புதுசாகத் தட்டு அகலத்துக்கு ரெயின் ஷவர். வாளி சரியாக ஒரு நிமிஷத்தில் நிறைந்தது. 10 லிட்டர் ஓடினால் 3.6 கிலோவாட் ஏற்றுவது 5 டிகிரிதான். 32 டிகிரியில் வெதுவெதுவென்று வராமல் வேறு எப்படி வரும்? ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை.

ரெயின் ஷவர் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் டேங்கில் தண்ணீரைச் சுட வைத்துச் சேர்த்து வைக்கும் ஸ்டோரேஜ் ஹீட்டருக்குப் போக வேண்டியதுதான். அதற்கு நான் போடும் கணக்கு: அந்த அரை மணி நேரத்தில் ஷவரிலிருந்து கொட்டும் மொத்தத் தண்ணீரை 0.4-ஆல் பெருக்கு. டேங்கில் 65 டிகிரியில் இருப்பதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்துதானே குளிக்கிறோம். அதனால் டேங்க் சின்னதாக இருந்தாலும் நிறைய வரும். கடைசிப் பங்கு ஆறிப்போய் வரும் என்பதையும் சேர்த்துத்தான் 0.4. நாலு பேர், ஆளுக்கு 5 நிமிஷம், 8 லிட்டர் ஷவர் என்றால் 160 லிட்டர், அதில் 0.4 பங்கு 64. குளிக்கிற 20 நிமிஷத்திலும் 2 கிலோவாட் கம்பி சுட வைத்துக்கொண்டே இருக்கும். அது ஒரு 15 லிட்டரை ஈடு கட்டும். ஆக 50 லிட்டர் டேங்க் போதும். 80 வாங்கினால் கெட்டுப் போகாது, ஆனால் யாரும் தொடாத சுடுதண்ணீர் நாள் பூராவும் ஆறி ஆறிச் சுட்டுக்கொண்டிருக்கும். மாசக் கடைசியில் பில்லில் தெரியும்.

முழுக்க ஆறிய 30 லிட்டர் சுட 2 கிலோவாட்டுக்கு 40 நிமிஷம், 50 லிட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பிள்ளைகளை எழுப்பும்போது சுவிட்சைப் போட்டால் பள்ளி பஸ் போன பிறகுதான் சுடும். கரண்ட் மிச்சம் என்று டேங்கை 45 டிகிரியில் வைப்பவர்களும் உண்டு, வேண்டாம். அந்தச் சூட்டில் கிருமி வளரும். 60-க்குக் கீழே இறக்காதீர்கள்.

50 லிட்டர் என்றால் தண்ணீரே 50 கிலோ. தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் வரும் சுவரில் நான் மாட்ட மாட்டேன். பிரஷர் வால்விலிருந்து சொட்டுகிறது என்று அதை அடைத்து வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்; சூடாகும்போது அது கொஞ்சம் சொட்டத்தான் செய்யும், அதற்காகத்தான் அது இருக்கிறது.

பழைய ஃபிளாட்டுகளில், முக்கியமாக மேல் மாடியில், பிரச்சினை தலைகீழ். தண்ணீர் நூலாக வரும், இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஆன் ஆகவே ஆகாது. அங்கே பம்ப் உள்ள மாடல் வாங்குங்கள். அதை வீட்டுத் தொட்டியிலிருந்து வரும் லைனில்தான் போடுவேன், நேரடிக் குழாயில் போட மாட்டேன்.

வயரிங்கில் மட்டும் என்னிடம் பேரம் பேசாதீர்கள். 3.6 கிலோவாட் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 16 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகினால் பிளக் உருகும். ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி லைன், 4 சதுர எம்.எம். வயர், 20 ஆம்பியர் பிரேக்கர், ஒழுங்கான எர்த், அப்புறம் குளியலறைக்கென்று, கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுவது. வீட்டு மெயினில் இருக்கும் 100 மில்லி ஆம்பியர் ஈரக் காலில் நிற்பவரைக் காப்பாற்றாது. பெட்டியில் சிரிம் (மலேசியத் தரச் சோதனை) ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். மாட்ட வருபவரிடம் லைசென்ஸையும் கேளுங்கள். என்னிடம் கேட்டாலும் கோபப்பட மாட்டேன்.

குளுகோர் அக்காவுக்கு 50 லிட்டர் டேங்க், புது லைன் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் ஸ்டோர் ரூமுக்குள் போய், கழற்றி வைத்திருந்த பழைய ஷவர் தலையை ஒரு பிளாஸ்டிக் பையோடு எடுத்து வந்தார். மாட்டி, வாளியை வைத்தோம். 2 நிமிஷம் 25 விநாடி. தண்ணீரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு பத்திக்குது தம்பி" என்றார். அதற்கு நான் காசு வாங்கவில்லை. இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன்.