புதிதாக எழுத வருபவர்கள் வழுக்கும் இடங்கள்

என் முதல் பதினைந்து கதைகள் என்னுடையவை அல்ல. எழுதியது என் கைதான். ஆனால் அப்போது நான் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த எழுத்தாளர் ஒருவரின் மூச்சு வரிக்கு வரி கேட்கும். அவரைப் போலவே வாக்கியத்தைப் பாதியில் அறுப்பேன், அவரைப் போலவே கதையை மழையில் முடிப்பேன். நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரே இதைவிட நன்றாக எழுதிவிட்டாரே" என்றார். இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

பாதிப்பு குற்றமல்ல, யாரையும் படிக்காமல் எழுத வந்தவர் எவருமில்லை. எடுக்கக்கூடாததை எடுப்பதுதான் தவறு. நடை மிக எளிதாக ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதும் நம்முடையது போலவே தோன்றும். அதற்குப் பதிலாகப் பிடித்த கதை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பத்தியும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துப் பாருங்கள். காலம் எங்கே தாவுகிறது? யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? நாலைந்து பக்கம் போவதற்குள் வாக்கியங்களின் மயக்கம் விலகிக் கதையின் எலும்பு தெரியும். அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்புகளையே அதிகம் படிப்பவர்களுக்கு வேறொரு தொற்று உண்டு. "அவன் ஒரு ஆழ்ந்த மௌனத்தோடு ஒரு நாற்காலியில் அமர்ந்தான்." இரண்டு 'ஒரு'வையும் தூக்கிவிடுங்கள், ஆழ்ந்த மௌனமும் கூடவே போகட்டும். "பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்." எதுவும் குறைந்துவிடவில்லை. "கதவு அவளால் திறக்கப்பட்டது" என்றும் எழுதுகிறார்கள். தமிழில் யாரும் அப்படிக் கதவைத் திறப்பதில்லை.

கதைகளை அதிகம் கெடுப்பது, என் அனுபவத்தில், விளக்கம். அண்மையில் கையெழுத்துப் பிரதி ஒன்றில் படித்தேன். அப்பா இறந்து பத்து நாள். மகன் மேசையில் கிடக்கும் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, மடித்து, உறையில் போட்டு வைக்கிறான். அதோடு நின்றிருந்தால் போதும். அடுத்த வரி: "அப்பாவின் இழப்பு அவன் நெஞ்சை எவ்வளவு ஆழமாக வாட்டியது என்பதை அப்போதுதான் உணர்ந்தான்." முந்தைய வரி பெரிய காரியம் செய்திருக்கிறது, எழுதியவருக்குத்தான் அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. வாசகர் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி அறிவிப்புப் பலகையைக் கொடுத்துவிட்டார். இத்தகைய வால் பெரும்பாலும் பத்தியின் கடைசியில்தான் முளைக்கும். திருத்தும்போது ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியையும் விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்தி தானாக நின்றால் அந்த வரி வேண்டாம்.

உரையாடலிலும் இதே நோய்தான். எல்லாப் பாத்திரங்களும் ஆசிரியரைப் போலவே முழு வாக்கியத்தில், காரண காரியத்தோடு பேசுவார்கள். உண்மையில் மனிதர்கள் கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது, மனநிலை வரட்டும் என்று காத்திருப்பது. இதற்குச் சாட்சியாக ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவை இழுப்பார்கள். 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். உண்மைதான். ஆனால் அவர் பகலில் பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எழுத இரவுதான் மிஞ்சியது. அப்படி ஓர் இரவு அடிக்கடி வாய்க்கவும் இல்லை. அவருடைய மூன்று நாவல்களும் முடிவடையாமலே நின்றுபோயின. மறுமுனையில் ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலப். அஞ்சல் துறை அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதித் தள்ளினார், 47 நாவல்கள். அந்தக் கடிகாரத்தோடு என்னால் ஒத்துப்போக முடியாது. ஆனால் குறிப்பிட்ட நேரத்தில் நாற்காலியில் இருப்பது என்ற பழக்கத்தை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். பல நாள் ஒன்றும் வராது. வரும் நாளில் நான் அங்கே இருக்கிறேன்.

எழுதுவதற்கு முன்பே கதையை எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிடாதீர்கள். சொன்ன கதை ஆறிப்போகும். முடித்த அன்றே அனுப்பவும் வேண்டாம். இரண்டு வாரம் மேசை இழுப்பறையில் கிடக்கட்டும், பிறகு வாய்விட்டுப் படியுங்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் பிளாபேர் தன் வாக்கியங்களை உரக்கக் கத்திப் பார்த்துத்தான் திருத்தினார். அவ்வளவு சத்தம் தேவையில்லை. நாக்கு தடுக்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை, காதுக்குத் தெரிந்துவிடும்.

படிக்கக் கொடுப்பவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதும் தவறுதான், "நன்றாக இருக்கிறது" என்ற பதிலை நாமே அவர் வாயில் வைத்துவிடுகிறோம். "எந்த இடத்தில் கீழே வைக்கத் தோன்றியது?" என்று கேளுங்கள். நான் இரண்டு மாதம் பேசாமலிருந்த அந்த நண்பர்தான் இப்போது என் முதல் வாசகர். அலுப்புத் தட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தருவார். போன மாதம் கொடுத்த கதையில் மூன்றாம் பக்கத்திலேயே கோடு விழுந்திருந்தது.