மணலியில் மார்கழிக் காற்றை அளந்து பார்ப்பது எப்படி?

என் மகனுக்கு வீசிங். மார்கழி வந்தால் வடசென்னையின் மணலியில் விடியற்காலைக் காற்று கனத்துவிடும். குளிர்காற்று தரையோடு தங்கிவிட, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் புகையை அமுக்கிவிடுகிறது. அதனால் அவனை வெளியே அனுப்பும் முன் அளந்து பார்க்கிறேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி நிலையத்தைப் பாருங்கள். ஆனால் அதில் காட்டும் காற்றுத்தரக் குறியீடு (AQI) என்பது 24 மணி நேரச் சராசரி. போகியன்று காலை 6 மணிக்குக் கண் எரியும்போதும் அது சாதுவாக நிற்கலாம். அதை மட்டும் நம்பிப் பிள்ளையை விளையாட விடாதீர்கள்.

அதற்குத்தான் வீட்டில், காற்றிலுள்ள நுண்துகள்களை உடனுக்குடன் அளக்கும் ஒரு சிறிய லேசர் சென்சார். பால்கனியில், மூச்சு விடும் உயரத்தில், மழை படாமல் வையுங்கள். சமையலறை ஜன்னல், கொசுவர்த்தி பக்கம் வேண்டாம். தாளிக்கும் புகையே அளவை ஏற்றிவிடும். பனிமூட்டத்தில் ஈரம் ஏறிய துகள்களைச் சென்சார் கூட்டிக் காட்டும். அப்போது நிலையத்தின் மணிவாரி அளவோடு ஒப்பிடுங்கள்.

சென்சார் காட்டும் பிஎம் 2.5-க்கு (2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகள்கள்) நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. சென்சார் 60-ஐத் தாண்டினால் ஜன்னலைச் சாத்துகிறேன். வெளியே போயே ஆகவேண்டுமென்றால் என்95 மாஸ்க், துணி மாஸ்க் போதாது. வெயில் ஏறி எண் இறங்கட்டும், அப்புறம் திறக்கலாம்.